சுட்டியனுக்கு ஒரு பிடி புக்கை

ஒஸ்லோவுக்குப் போகிறேன் என்றதும் பிறிஸ்பேன் தமிழர் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பேச்சுவார்த்தைக்கோ?" அந்த வருஷங்களில் ஒஸ்லோ என்றால் எங்கள் ஆட்களுக்குச் சமாதானப் பேச்சு, வேறொன்றும் இல்லை. "இல்லை, மாட்டுத் தீனிக்கு" என்றேன். என் மேல் அதுவரை வைத்திருந்த மரியாதை அந்த இடத்திலேயே அரைவாசி இறங்கியது.

நான் ஒரு மாட்டு வைத்தியன். படித்தது பேராதனையில், பிழைப்பது அவுஸ்திரேலியாவில், தூவும்பா பக்கம். ஆயிரக்கணக்கில் இறைச்சி மாடுகளை அடைத்துக் கொழுக்க வைக்கிற பட்டிகளுக்கு என்ன தீனி, எவ்வளவு தீனி என்று சொல்வது என் வேலை. அங்கே கெதியாக வளரட்டும் என்று மாட்டின் காதுத் தோலுக்குள் வளர்ச்சி ஹோர்மோன் குளிகை ஒன்றை வைத்துவிடுவோம். நோர்வேயில் அதற்குச் சட்டம் இடம் தராது. அவர்கள் அமினோ அமிலங்களைத் தீனியில் கலந்து அதே வளர்ச்சியைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். ஒரு தீனிக் கம்பனி அப்படியொரு பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தது. வந்து பார் என்று கூப்பிட்டார்கள், போனேன்.

இது முதலாளிக்குச் சொன்ன காரணம். என் சொந்தக் காரணம் அக்கா. எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவள். ஒஸ்லோவின் ஒரு கரையில், குரோருட்டில், ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தாள். அத்தான் செத்து இரண்டு பனிக்காலம் போய்விட்டது, பிள்ளைகள் இல்லை. என்னோடு வந்து இரு என்று நானும் போனில் கேட்காத நாள் இல்லை. "பாப்பம்" என்பாள். எங்கள் வீட்டில் பாப்பம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

ஏன் வரமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். நான் மாட்டு வைத்தியம் படிக்கப் போனபோது, "தம்பி வாயில்லாச் சீவனுக்கு வைத்தியம் படிக்கிறான்" என்று ஒழுங்கை, தெரு என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் அவள். பிறகு இந்த வேலை கிடைத்ததைப் போனில் சொன்னேன். "வளர்த்து என்ன செய்யிறது?" என்று கேட்டாள். இறைச்சிக்கு என்றேன். உடனே, "அங்கை வெயிலோ?" என்றாள். அன்றிலிருந்து நாங்கள் வெயிலும் பனியும்தான் கதைக்கிறோம்.

தை பிறக்க இரண்டு நாள் இருந்தது. குரோருட் ஸ்டேசனில் இறங்கினால் பனி முழங்கால் மட்டும் நிற்கிறது. அக்கா தடித்த ஜக்கெற்றுக்குள் பாதியாகியிருந்தாள். தலை நரைத்துவிட்டது. நான் கட்டிப்பிடிக்கப் போக, அவள் குனிந்து என் காலைப் பார்த்தாள். "உனக்கு அறிவிருக்கோ? உந்தச் சப்பாத்தோடை ஆர் வரச் சொன்னது?" கைப்பைக்குள்ளிருந்து சப்பாத்தின் அடியில் மாட்டுகிற இரும்புமுள் ஒரு சோடி எடுத்து, அந்தச் சனத்துக்கு நடுவிலேயே குந்தியிருந்து என் காலில் பூட்டிவிட்டாள். அப்படியும் வீட்டு வாசலில் விழுந்தேன்.

சாப்பாடு வைத்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி, வெந்தயக் குழம்பு, பருப்பு, பொரித்த மிளகாய். அவுஸ்திரேலியாவில் இருந்து நான் நினைத்து நினைத்து ஏங்கிய அதே குழம்பு. ஆனால் சோறு வந்தது பேப்பர்க் கோப்பையில். தட்டை நாங்கள் கோப்பை என்போம். பிறந்தநாள் விழாக்களில் தின்றுவிட்டு எறிவோமே, அது. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர்க் கோப்பைகள் அடுக்கடுக்காக மினுங்குகின்றன. இறைச்சிக்கு மாடு வளர்க்கிற கை அவற்றில் படக்கூடாது.

"நீ சாப்பிடேல்லையோ?"

"நான் அப்பவே சாப்பிட்டன்."

அவள் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அறைக்குள் போனபிறகு குசினியில் கோப்பைச் சத்தம் கேட்டது. தனியே இருந்து சாப்பிடுகிறாள். குழம்பு நல்ல குழம்பு, எனக்குத்தான் பிறகு புளித்த ஏப்பமாக வந்து கொண்டிருந்தது.

அடுத்த நாள் கம்பனிக்குப் போனேன். பரிசோதனைக்குப் பொறுப்பானவள் கறி என்கிற ஒரு பெண். எங்கள் கறிக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை, அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு கறி உண்டு. நல்ல மனுசி. விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கினாள். லைசின், மெதியோனின் என்று சில அமினோ அமிலங்கள் தசை வளரக் கட்டாயம் வேண்டும். ஆனால் மாட்டின் முதல் வயிறு கலியாண வீட்டு முதற்பந்தி மாதிரி. நல்ல பதார்த்தம் எல்லாவற்றையும் அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் முடித்துவிடும், பின்பந்திக்கு ரசம்தான் மிஞ்சும். அதனால் அந்த அமிலங்களைக் கொழுப்பால் மூடிக் கொடுக்கிறார்கள். மூடி கரையாமல் முதற்பந்தியைத் தாண்டி உள்ளே போய்ச் சேர்ந்துவிடும்.

"ஹோர்மோன் வைத்தால் இவ்வளவு பாடு இல்லையே" என்றேன்.

"சட்டம் விடாது" என்றாள் கறி. "விட்டாலும் சனம் வாங்காது."

மத்தியானம் எல்லாரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பார்சலைப் பிரித்தார்கள். இரண்டு துண்டு கறுத்தப் பாண், நடுவில் மண்ணிறச் சீஸ். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். பனங்கட்டியைப் பாலில் காய்ச்சி உறைய விட்டது மாதிரி இனித்தது. எங்கள் ஊர் அலுவலகங்களில் என்றால் இந்த நேரம் ஒருவன் கோப்பைக்குள் மற்றவன் கை இருக்கும். இங்கே அவரவர் பார்சல், அவரவர் வாய். அக்காவுக்கு இந்த ஊர் ஒத்துக்கொண்டதில் வியப்பில்லை என்று எரிச்சலோடு நினைத்தேன்.

திரும்பும்போது சுரங்க ரெயினில் நித்திரையாகிவிட்டேன். எனக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பிள்ளை போனில், "மம்மா, நான் பானேயிலை வாறன், மிடாக் சமைச்சாச்சோ?" என்று கேட்டது மட்டும் ஞாபகம். ரெயினைப் பானே என்றும் பின்னேரச் சாப்பாட்டை மிடாக் என்றும் நோர்வேப் பாஷையிலும், மிச்சத்தைச் சுத்தமான யாழ்ப்பாணத்திலும் கதைக்குங்கள் இந்தப் பிள்ளைகள். கண் விழித்தபோது குரோருட் எப்போதோ போய்விட்டது, ரெயின் கடைசி ஸ்டேசனில் நின்றது. பக்கத்தில் ஒரு தமிழ்நாட்டுப் பொடியன், கம்பியூட்டர் வேலைக்காரன்.

"சார், நீங்க எதிர் ட்ரெய்ன் பிடிக்கணும். நானும் அதுலதான் போறேன். என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"மாட்டுத் தீனி ஆராய்ச்சி."

"பால் மாடா சார்?"

"இல்லை. இறைச்சி மாடு."

"ஓ" என்றான். அதன் பிறகு அவனுக்குக் கைத்தொலைபேசியில் அவசர வேலை வந்துவிட்டது. இவனும் இன்னொரு அக்காதான், வேறொன்றும் இல்லை.

மூன்றாம் நாள் தைப்பொங்கல். அந்த ஊரில் சூரியன் ஒன்பது மணிக்குப் பிறகுதான் வேலைக்கு வருவார். அக்கா அதுவரை குளித்து, புதுச்சேலை கட்டி, மின்சார அடுப்பில் பானையை வைத்துக்கொண்டு நின்றாள். சாம்பிராணி போட்டால் கூரையில் இருக்கிற புகைமணி அலறித் தீயணைப்புக்காரன் வந்துவிடுவான் என்று அதற்குக் குளிக்கிற பிளாஸ்டிக் தொப்பி ஒன்றைப் போட்டுக் கட்டியிருந்தாள். பால் பொங்கியதும் என்னைக் கூப்பிட்டாள். புக்கை வந்தது, பொங்கலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பேப்பர்க் கோப்பையில்தான்.

"நாளைக்கு எங்கை போறாய்?" என்றாள்.

"மாட்டுத் தொழுவத்துக்கு. இஞ்சை வெளிநாட்டாள் வந்த உடனை உள்ளை விடமாட்டாங்கள், மாட்டுக்கு நோய் வருத்தம் கொண்டு வந்திடுவமெண்டு. நாளைக்குத்தான் விடுறாங்கள்."

அக்கா அகப்பையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "நாளைக்குப் பட்டிப்பொங்கல்." மாட்டுப் பொங்கலைத்தான் சொல்கிறாள்.

"ஓம்."

"நானும் வரட்டே?"

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், தன் பொங்கலுக்கே லீவு கேட்கக் கூச்சப்படுகிறவள், மாட்டுக்காக லீவு போட்டாள். கறியைக் கேட்டேன், தாராளமாகக் கூட்டி வா என்றாள். அன்று எனக்கு ஒரே சந்தோஷம். என் வேலையைப் பார்க்க வருகிறாள், பார்த்தால் மனம் இளகும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன்.

தொழுவம் ஒஸ்லோவிலிருந்து வடக்கே, கறியின் காரில் ஒரு மணித்தியால ஓட்டம். ஒலாவ் என்கிற கமக்காரனுடையது. பனைமரம் மாதிரி வளர்ந்தவன், கதை குறைவு. எல்லாருக்கும் நீல ஓவரோலும் ரப்பர் பூட்ஸும் தந்தான். சேலையை அதற்குள் செருகியதில் அக்காவுக்கு நடக்கவே கஷ்டம். உள்ளே வந்ததும் அப்படியே நின்று மூச்சை இழுத்தாள். சாணமும் புளிக்க வைத்த புல்லும் சேர்ந்த மணம்.

"இந்த நாட்டுக்கு வந்து இத்தினை வருஷத்திலை பஸ் ஜன்னலாலைதான் மாடு பாத்தனான்" என்றாள். "இண்டைக்குத்தான் கிட்ட நிக்கிறன்."

எல்லாம் சிவப்பும் வெள்ளையுமான இளம் காளைகள். கம்பிக்குப் பின்னால் வரிசையாக நின்று அவளை உற்றுப் பார்த்தன. ஒன்றின் நெற்றியில் மட்டும் அளவான வெள்ளைச் சுட்டி. அக்கா அதன் காதில் தொங்கிய மஞ்சள் அட்டையைக் காட்டினாள்.

"உதென்ன, உன்ரை மருந்தோ?"

"அது நம்பர், அக்கா. இஞ்சை மருந்து வைக்கக் கூடாது."

"நல்ல நாடு" என்றாள். குத்தியது, ஆனால் பொறுத்துக்கொண்டேன்.

தீனித் தொட்டிகளை அவளுக்கு விளக்கினேன். காளை தலையை நீட்டினால் காதட்டையை இயந்திரம் வாசித்து வாசலைத் திறக்கும், அது தின்ற ஒவ்வொரு வாயையும் நிறுக்கும். எந்தக் காளை எவ்வளவு அமினோ அமிலம் தின்றது, எவ்வளவு வளர்ந்தது, அதுதான் பரிசோதனை. அக்கா கேட்டமாதிரித் தலையாட்டினாள். பிறகு நான், கறி, ஒலாவ் மூவரும் தீனி கலக்கிற அறைக்குப் போனோம்.

திரும்பி வந்து பார்த்தால் அக்கா கம்பியடியில் குந்தியிருக்கிறாள். சுட்டிக் காளையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். தமிழ்க்கடையில் வாங்கிய வாழையிலைத் துண்டில் வைத்த புக்கையை அது தின்று முடித்து, இலையையும் தின்று முடித்து, அவள் உள்ளங்கையை நக்கிக்கொண்டு நின்றது.

"என்ன வேலை பாத்தனி, அக்கா. அதுக்கு வெளிச்சாப்பாடு குடுக்கக் கூடாது. பரிசோதனை பிழைச்சுப் போகும்."

"பட்டிப்பொங்கலண்டைக்கு மாட்டுக்குக் காட்டாமல் நாங்கள் திண்டிட்டு ஏப்பம் விடுறதோ?" என்றாள், எழும்பாமலே. "எல்லாத்துக்கும் காணாது. அதுதான் சுட்டியன் ஒருத்தனுக்குக் குடுத்தனான்." அதற்குள் பேரும் வைத்தாகிவிட்டது.

எனக்கு மண்டைக்குள் விறுவிறென்று ஏறியது. நாலு பேருக்கு முன்னால் என்னுடைய படிப்பும் வேலையும் ஒரு பிடி புக்கையில் கரைந்து நிற்கிறது. கறி கோபிக்கவில்லை. அதில் என்ன இருந்தது என்று கேட்டாள். அரிசி, வறுத்த பயறு, சர்க்கரை, கஜு, முந்திரிகை வற்றல் என்றேன். பயற்றில் லைசின் நிறைய உண்டு, அரிசியில் குறைவு, இரண்டையும் சேர்த்து வேக வைப்பது எங்கள் வழக்கம் என்று அசட்டுத்தனமாகச் சொல்லியும் வைத்தேன். கறி சிரித்துவிட்டாள். ஆனால் விதி விதிதான். நிறுக்காத தீனி தின்ற காளையின் கணக்கு இனிச் செல்லாது, அதைப் பரிசோதனையிலிருந்து எடுத்து வேறு பட்டிக்கு மாற்றவேண்டும் என்றாள்.

அக்காவுக்கு அது விளங்கியதும் ஒலாவோடு நோர்வேப் பாஷையில் கதைக்கத் தொடங்கினாள். என்னோடு நாலு சொல் பேசாதவன் அவளோடு நின்று நிறையக் கதைத்தான். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. என்னைச் சிறுவயதில் கடைக்குக் கூட்டிப்போய், நான் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க அவள் பேரம் பேசுவாளே, அதே நிலைமை.

"என்னவாம்?"

"மற்றதெல்லாம் இந்த மாதமே வெட்டப் போகுதாம். சுட்டியன் தப்பீட்டான்" என்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

திரும்பும் வழியில் அக்கா பின்சீற்றில் கண்ணை மூடியிருந்தாள். கறி மெதுவாகச் சொன்னாள். அந்தக் காளை அடுத்த தொகுதியோடு வைகாசியில் போகும். வைத்திருந்து என்ன செய்வது, அது இறைச்சிக் காளைதானே. ஒலாவ் உன் அக்காவுக்கும் அதைத்தான் சொன்னான், அவருக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கண் திறந்திருந்தது.

அன்று பின்னேரம் சாப்பாட்டில் எனக்குப் பேப்பர்க் கோப்பை வந்தது. ஆனால் அக்கா ஒரு எவர்சில்வர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு மேசையில். நான் குனிந்து குனிந்து சாப்பிட்டேன், கண்ணைக் காட்டக் கூடாதென்று.

"வைகாசியிலை போகுமெண்டு தெரிஞ்சுகொண்டே ஏன் தப்பீட்டான் எண்டனி?"

"வைகாசி மட்டும் தப்பினது தப்பினதுதானே. அதுக்கு மேலை ஆருக்கு எழுதித் தந்திருக்கு?"

இதுதான் நேரம் என்று நினைத்தேன். "என்னோடை வந்திடு, அக்கா. தனியக் கிடந்து என்ன செய்யப் போறாய்? நானும் அங்கை தனியத்தான் கிடக்கிறன்."

அவள் பாப்பம் என்று சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்தாள். "இப்ப ஏலாது. சுட்டியன் போற அண்டைக்கு ஒரு ஆள் நிக்கவேணும். போன் எடுக்கிறன் எண்டு ஒலாவ் சொன்னவன். அத்தான் போகேக்கை நான் வேலையிலை நிண்டனான், தம்பி. பக்கத்திலை ஒருத்தரும் இல்லை."

அன்று படுக்கையில் கிடந்து அந்தக் காளை மேல் பொறாமைப்பட்டேன். வெட்கம்தான், ஆனாலும் பட்டேன். அவள் கையால் தின்ற புக்கை அதற்கு, பேப்பர்க் கோப்பை எனக்கு.

விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்பினாள். இரும்புமுள்ளைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "அங்கை உனக்கு இது தேவைப்படாது" என்றாள். எனக்கு அதைக் கொண்டுபோக விருப்பமாக இருந்தது, கேட்கவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் போனில் வெயிலும் பனியும் போய்ச் சுட்டியன் வந்துவிட்டான். இரண்டு பஸ் மாறி, மிச்சத் தூரம் நடந்து அவனைப் பார்க்கப் போய் வருவாளாம். சத்தம் கேட்டதும் பட்டியின் மற்றக் கோடியில் இருந்து வருவானாம். கரட் என்றால் உயிராம். இந்த வேலையில் எத்தனையோ ஆயிரம் மாட்டை வளர்த்து அனுப்பிய நான் ஒரு காளையின் சுகம் விசாரித்தது அந்த நாலு மாதம்தான். ஒவ்வொரு முறையும் கேட்பேன், "எப்ப வாறாய்?" "சுட்டியன்ரை அலுவல் முடியட்டும்" என்பாள். அவன் சாகிற நாளைப் பார்த்துக்கொண்டிருப்பதா, சாகக் கூடாது என்று நேர்த்தி வைப்பதா என்று தெரியாமல் இருந்தேன்.

வைகாசியில் ஒரு வேலை நாள் போன் வந்தது. நான் பட்டிக்குள் நின்றேன்.

"சுட்டியன் போயிட்டான்" என்றாள்.

"நீ நிண்டனியோ?"

"நிண்டனான். புக்கை கொண்டு போனனான், திண்டவன்" என்றாள். "மற்றதெல்லாம் லொறியிலை ஏறீட்டுது, தம்பி. இவன் மட்டும் பலகையிலை காலை வைக்கமாட்டன் எண்டு நிண்டிட்டான். ஒலாவ் தள்ளிப் பாத்தான், லொறிக்காரன் தள்ளிப் பாத்தான். அசையேல்லை."

"பிறகு?"

"லொறிக்கு முன்பக்கம் கம்பியடியிலை போய் நிண்டு நான் கூப்பிட்டனான். சுட்டியா, வாடா எண்டு. என்ரை குரலுக்கு ஏறினவன். நேரை வந்து கம்பிக்குள்ளாலை என்ரை கையை நக்கினவன். அவங்கள் பின்னாலை கதவைச் சாத்தீட்டாங்கள்."

எனக்குப் பின்னால் மாடுகள் தீனி அரைக்கிற சத்தம் பட்டி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அது அவளுக்கும் கேட்டிருக்கும்.

"அடி வாங்காமல் ஏறினவன் எண்டு மனதைத் தேத்திப் பாத்தன். தேறேல்லை" என்றாள். "ரிக்கெற்றைப் போடு. நான் வாறன்."

அந்தச் சொல்லுக்காக நான் எத்தனை வருஷம் கிடந்து ஏங்கினேன். அது வந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அழாதை அக்கா என்றேன். நான் அழேல்லை என்றாள். எந்த மாதம் வசதி, குளிருடுப்பெல்லாம் கொண்டு வராதே என்று ஏதோ உளறிக்கொண்டு போனேன். அவள் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றாள்.

"வந்தாப்பிறகு" என்றாள் கடைசியில், "எனக்கும் பேப்பர்க் கோப்பையிலையே போடு, தம்பி."